சலவைக்கூடத்தில் துணிக் கணக்கு தவறும்போது: அறிகுறி வழியே பிழை காணும் முறை

யுஎச்எஃப் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் சற்றுத் தொலைவிலிருந்தே வாசிக்கக்கூடிய, தனி எண் கொண்ட சில்லு) பொருத்திய சீருடைகளையும் விரிப்புகளையும் மொத்தமாக எண்ணி, துணிகளைத் தொங்கவிட்டு நகர்த்தும் ஹேங்கர் கன்வேயரில் வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து அனுப்பும் பெரிய சலவைக்கூடங்களை மனத்தில் கொண்டு இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. பார்கோடு ஒட்டிய துணிகளுக்கும் தனிப் பகுதி உண்டு. உங்கள் கூடத்தில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

எண்ணிக்கை குறைகிறது என்றதும் டேக்குகளை வாசிக்கும் ரீடரின் அலைத் திறனைக் கூட்டுவதுதான் பல கூடங்களில் முதல் வேலையாக நடக்கிறது. அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறனைக் கூட்டினால் டிராலிக்குள் வாசிக்கப்படாத இரண்டு துணிகள் அப்படியே வாசிக்கப்படாமல் இருக்க, பக்கத்தில் நிற்கும் வேறு டிராலியின் இரண்டு துணிகள் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்; திரையில் தெரியும் எண் சரியாக இருக்கும், கணக்கோ இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் தவறாகிவிடும். ஆகவே எந்தச் சோதனையிலும் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். எந்தெந்த டேக் எண்கள் வந்தன என்ற பட்டியலையே ஒப்பிடுங்கள்.

அதற்கு ஒரு சோதனைக் கட்டு தேவை. நல்ல நிலையில் உள்ள 50 துணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கைரீடரால் தனித்தனியாக வாசித்து, எண்களைக் கோப்பில் பதிந்து, அந்தக் கட்டை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். வேலை நாளில் குறை தெரிந்தால் முதலில் இந்தக் கட்டை வாசிப்புக் கூண்டில் (ரீடரின் ஆண்டெனாக்கள் பொருத்திய, டிராலியை உள்ளே வைத்து எண்ணும் உலோக உறை) வைத்துப் பாருங்கள். கட்டு முழுமையாக வாசிக்கப்பட்டால் பிழை பெரும்பாலும் அன்றைய துணியிலோ டேக்கிலோ அடுக்கும் முறையிலோ இருக்கிறது. கட்டிலேயே குறைந்தால் கேபிள், ஆண்டெனா, ரீடரின் அமைப்புகள் என்ற வரிசையில் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதை நேரத்துடன் எழுதி வைப்பது கட்டாயம்.

அறிகுறி: டிராலியில் உள்ளதைவிடக் குறைவாக எண்ணுகிறது

ஒரே டிராலியை மூன்று முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் விடுபட்ட எண்கள் எவை என்று பாருங்கள். மூன்று முறையும் அதே துணிகள் விடுபட்டால் அவற்றின் டேக்கில் குறை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு துணிகள் விடுபட்டால் டேக்குகள் நலமாக உள்ளன, அலை அவற்றைப் போதிய அளவு சென்றடையவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே வீண் அலைச்சல் பெருமளவு குறையும்.

அதே துணிகள் விடுபடும் நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். துணிக்கான யுஎச்எஃப் டேக்குகளில் பரவலாக உள்ள வகையில் இரண்டு பாகங்கள் இருக்கும்: கெட்டியான பிசினுக்குள் பொதிந்த சிறிய சில்லு, அதைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகு இழையால் ஓடும் ஆண்டெனா. இரண்டும் பற்றவைத்து இணைக்கப்படாமல், மின்காந்தத் தூண்டலால் மட்டும் இணைந்திருக்கும். விளிம்பு மடிப்பை விரலால் தடவினால் பருப்பு அளவில் கடினமான முடிச்சு ஒன்று தட்டுப்படும்; அதுதான் சில்லு. கைரீடரை அரை மீட்டர் தள்ளிப் பிடித்து வாசியுங்கள். பதில் இல்லையென்றால் அந்த முடிச்சின்மேல் ரீடரை ஒட்டி வைத்து வாசியுங்கள். ஒட்டி வைத்தால் மட்டும் வாசிக்கிறது என்றால் சில்லு உயிரோடு இருக்கிறது, ஆண்டெனா இழை அறுந்திருக்கிறது அல்லது சில்லிலிருந்து விலகியிருக்கிறது. ஒட்டி வைத்தும் பதில் இல்லையென்றால் சில்லே போய்விட்டது. இரண்டு நிலையிலும் டேக்கை மாற்றத்தான் வேண்டும் என்றாலும், எது நேர்ந்தது என்பதைக் குறித்து வையுங்கள். டேக்குகள் விரைவில் பழுதாகும் காரணத்தைத் தேடும்போது அந்தக் குறிப்பு உதவும்.

வெவ்வேறு துணிகள் விடுபடும் நிலையில் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். யுஎச்எஃப் அலைகளை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு ஈரத்துணி டேக்கின் ஒத்ததிர்வையும் (டேக் மிக நன்றாகப் பதிலளிக்கும் அலைவெண்ணையும்) இடம்பெயர்த்துவிடுகிறது. அழுக்குத் துணி வரவில் நனைந்த துண்டுகளும் துடைப்புத் துணிகளும் மூட்டையின் நடுவில் இருந்தால் அவற்றின் உட்புறத்தில் உள்ள டேக்குகள் பதிலளிப்பது கடினம். அத்தகைய மூட்டையை இரண்டாகப் பிரித்து வாசிக்க வேண்டும், அல்லது கூண்டுக்குள் மூட்டையைச் சுழற்றியும் புரட்டியும் கூடுதல் நேரம் வாசிக்க வேண்டும். நனைந்த துணியே உங்கள் கூடத்தின் பெரும்பகுதி என்றால், வரவுக் கணக்கை அதற்கேற்ற இடத்துக்கு, அதாவது துணி உலர்ந்து மடிக்கப்பட்ட பின் வரும் நிலைக்கு, மாற்றிக்கொள்வதே நேர்மையான தீர்வு. ஐஎஸ்ஓ 15693 வகையைச் சேர்ந்த 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்குகளை ஈரம் அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. ஆனால் அவற்றின் வாசிப்புத் தொலைவு குறைவு என்பதால் பெரிய டிராலியை ஒரே மூச்சில் எண்ண அவை பொருந்தா.

ஈரமே இல்லாத சுத்தத் துணியிலும் குறைகிறது என்றால் அடுக்கும் முறையைப் பாருங்கள். தலையணை உறைகளை இயந்திரம் ஒரே சீராக மடித்து அடுக்கும்போது, எல்லா டேக்குகளும் ஒரே மூலையில் தைக்கப்பட்டிருந்தால், அவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் வந்து படிந்துவிடுகின்றன. நெருக்கமாகப் படிந்த ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று பாதித்து ஒத்ததிர்வைக் குலைக்கும். அடுக்கின் மேலும் கீழும் உள்ளவை வாசிக்கப்பட்டு, நடுவில் உள்ளவை விடுபடுவது இதன் தெளிவான அடையாளம். ஐந்தைந்தாக எதிரெதிர்ப் பக்கம் திருப்பி அடுக்கினால் உடனே வேறுபாடு தெரியும். நிலையான தீர்வு, புதிய துணிகளில் டேக் தைக்கும் இடத்தை இரண்டு மூன்று இடங்களுக்குப் பரவலாக்குவதே.

உலோகத்தையும் மறக்க வேண்டாம். கம்பி டிராலியின் சட்டம் சில கோணங்களில் அலையைத் தடுக்கிறது, சில கோணங்களில் எதிரொளித்து உதவுகிறது. டிராலியைக் கூண்டுக்குள் மெதுவாக நகர்த்தி வாசிக்கும்போது எண்ணிக்கை நிறைவு பெற்று, அசையாமல் நிறுத்தி வாசிக்கும்போது குறைந்தால், அலை எட்டாத இடங்கள் கூண்டுக்குள் இருக்கின்றன என்று பொருள். ஆண்டெனாக்களின் கோணத்தை மாற்றுவதோ, வாசிக்கும்போது டிராலி அசைந்துகொண்டிருக்கச் செய்வதோ இதற்குப் போதும்.

சோதனைக் கட்டிலேயே எண்ணிக்கை குறைந்தால் கேபிளில் தொடங்குங்கள். ஆண்டெனாக்களை ஒவ்வொன்றாக மட்டும் இயக்கி, எந்த ஆண்டெனா எத்தனை டேக்குகளை வாசிக்கிறது என்று பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் மிகக் குறைவாக வாசித்தால், அதன் இணைப்பு முனை தளர்ந்திருக்கலாம், ஈரப்பதம் புகுந்து துருவேறியிருக்கலாம், அல்லது டிராலி மோதிக் கேபிள் நசுங்கியிருக்கலாம். கேபிளில் 3 டெசிபல் இழப்பு ஏற்பட்டாலே ஆண்டெனாவைச் சேரும் திறன் பாதியாகிவிடும். நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் ரீடரின் பிராந்திய அமைப்பைச் சரிபாருங்கள். ஐரோப்பிய அமைப்பு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அமெரிக்க அமைப்பு 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்குகின்றன; ஒன்றுக்கு ஏற்ற ஆண்டெனாவை மற்றொன்றில் பொருத்தினால் வேலை நடக்கும், ஆனால் குறையோடு நடக்கும். உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசையைத் தவிர வேறொன்றைச் சோதனைக்குக்கூட இயக்கக் கூடாது.

அறிகுறி: முதல் வாசிப்பு சரி, உடனே மீண்டும் வாசித்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை

இது பழுதாகத் தோன்றும், பழுதன்று. ஐஎஸ்ஓ 18000-63 தரத்தைப் பின்பற்றும் டேக், ஒருமுறை எண்ணப்பட்டதும் தன் நிலைக்குறியை மாற்றிக்கொண்டு, அது பழைய நிலைக்குத் திரும்பும் வரை அடுத்த அழைப்புக்கு அமைதியாக இருக்கும். எவ்வளவு நேரம் அமைதி காக்கும் என்பதை ரீடரில் தேர்ந்தெடுத்த செஷன் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. எஸ்0 செஷனில் டேக்குக்கு மின்திறன் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை மட்டுமே குறி நிற்கும். எஸ்1 செஷனில் அரை விநாடி முதல் 5 விநாடிக்குள் தானாகத் திரும்பிவிடும். எஸ்2, எஸ்3 செஷன்களில் திறன் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை குறி மாறாது. திறன் நின்ற பிறகும் குறைந்தது 2 விநாடி, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே, அப்படியே நீடிக்கும்.

மூட்டை முழுவதையும் எண்ணும் கூண்டில் எஸ்0 வைப்பது பொருந்தாது. அருகில் உள்ள வலுவான டேக்குகள் திரும்பத் திரும்பப் பதிலளித்து, நடுவில் ஒடுங்கிய வலுக்குறைந்த டேக்குகளுக்கு இடமே கொடுப்பதில்லை. எஸ்2 வைத்தால் வலுவானவை ஒருமுறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், மற்றவற்றின் குரல் கேட்கும். அதற்குக் கொடுக்கும் விலைதான் மறுவாசிப்பில் வரும் வெறுமை. இரண்டு வாசிப்புகளுக்கிடையே போதிய இடைவெளி விடலாம். அல்லது இரு நிலைகளில் உள்ள டேக்குகளையும் மாறி மாறி அழைக்குமாறு ரீடரை அமைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு கூண்டுகளைக் கடந்து செல்லும் டிராலி இரண்டாவதில் மட்டும் குறைவாகக் காட்டினாலும் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். அப்போது இரண்டு ரீடர்களுக்கும் வெவ்வேறு செஷன் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: இருப்பதைவிடக் கூடுதலாக எண்ணுகிறது

கூடுதலாக வந்த எண்களை மட்டும் பிரித்தெடுத்து, அந்தத் துணிகள் அந்த நொடியில் எங்கே இருந்தன என்று தேடுங்கள். பெரும்பாலும் கூண்டின் வாசலுக்கு அருகே வரிசையில் காத்திருந்த டிராலியில் இருக்கும். கூண்டின் கதவு முழுமையாக மூடியதா, உலோக உறையில் இடைவெளி உண்டா என்று பாருங்கள். கதவு மூடியதை உறுதிசெய்யும் சென்சார் இல்லாத கூண்டில் அதைப் பொருத்துவது நல்ல செலவு. தரையில் கோடு போட்டு, காத்திருக்கும் டிராலிகளை அதற்கு அப்பால் நிறுத்தச் செய்வதும் பயனளிக்கும். அதற்குப் பிறகும் எஞ்சினால் மட்டும் சமிக்ஞை வலிமைக்கு எல்லை வைத்து வலுக்குறைந்த வாசிப்புகளைத் தள்ளுங்கள். இதை முதலிலேயே செய்தால் மூட்டையின் நடுவில் உள்ள உங்கள் சொந்தத் துணிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள்.

அறிகுறி: இரண்டு துணிகளுக்கு ஒரே எண்

டேக்கில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று பொதுவாக 96 பிட் நீளமுள்ள இபிசி, நாமே எழுதிக்கொள்வது. மற்றொன்று சில்லுத் தயாரிப்பாளர் பொறித்த, மாற்ற முடியாத டிஐடி. ஒரே எண் என்று காட்டும் இரண்டு துணிகளையும் தனித்தனியாக வைத்து, இரண்டு டேக்குகளின் டிஐடியையும் வாசியுங்கள். டிஐடி வேறு, இபிசி ஒன்று என்றால் எண் எழுதிய இடத்தில்தான் தவறு: ஒன்றுக்கு மேற்பட்ட டேக்குகள் அருகருகே இருந்தபோது எழுத்து வேறொன்றில் போய் விழுந்திருக்கும், அல்லது எழுதும் மென்பொருள் வரிசையெண்ணை மீண்டும் தொடங்கியிருக்கும். எழுதும் மேசையில் ஒரே ஒரு டேக் மட்டும் இருக்க வேண்டும். எழுதியபின் டிஐடியைக் குறிப்பிட்டு மீண்டும் வாசித்துச் சரிபார்த்து, பிறகு கடவுச்சொல் இட்டுப் பூட்டிவிட வேண்டும்.

டேக்கில் எண்கள் சரியாக இருந்தும் அறிக்கையில் மட்டும் பல துணிகள் ஒன்றுபோலத் தெரிகின்றனவா? 24 எழுத்துள்ள இபிசி எண்ணை விரிதாளில் திறந்தீர்களா என்று பாருங்கள். முழுவதும் இலக்கங்களாக உள்ள எண்ணை விரிதாள் கணித எண்ணாக எடுத்துக்கொண்டு 15 இலக்கங்களுக்குப் பிந்தையவற்றைப் பூச்சியமாக்கிவிடும். பட்டியலில் பல எண்கள் பூச்சிய வரிசையில் முடிகின்றன என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். அந்த நெடுவரிசையை உரை வகையாக அமைத்து, மூலக் கோப்பிலிருந்து மீண்டும் இறக்குங்கள். விரிதாளில் சேமித்த கோப்பில் இழந்த இலக்கங்கள் திரும்பி வரா.

அறிகுறி: புதிய டேக்குகள் சில சலவைகளிலேயே பழுதாகின்றன

சலவை டேக்குகளின் விவரக்குறிப்பில் 200 சலவைச் சுற்றுகள் என்ற அளவும், பிழியும் அழுத்தத்துக்கு 60 பார் என்ற எல்லையும் பரவலாகக் காணப்படுகின்றன. அதற்கு வெகு முன்பே பழுதானால், முன்பு குறித்து வைத்த குறிப்பை எடுங்கள். சில்லே செத்தவை மிகுதி என்றால் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சந்தேகிக்க வேண்டும்: பிழியும் இயந்திரத்தின் அழுத்த அமைப்பு, உருளை இஸ்திரியின் வெப்பம், கிருமிநீக்கத்துக்கு 134 டிகிரியில் செல்லும் துணிகளில் அதற்கு ஏற்காத டேக் தைக்கப்பட்டுள்ளதா என்பது. ஆண்டெனா அறுந்தவை மிகுதி என்றால் தையலைப் பாருங்கள். ஊசி இழையைக் குத்திச் சென்ற டேக், முதல் சில சலவைகளில் தாக்குப்பிடித்துப் பிறகு அறுந்துபோகும். மடிப்பு இயந்திரம் எப்போதும் மடிக்கும் கோட்டிலேயே டேக் இருந்தாலும் இழை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்து முறியும். பழுதான டேக்கை எறிந்துவிடாமல், துணி வகையையும் தைத்த இடத்தையும் எழுதி ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். சில வாரங்களில் அந்தப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்.

அறிகுறி: பார்கோடு வாசிக்கவில்லை, அல்லது வேறு எண்ணாக வாசிக்கிறது

வாசிக்கவில்லை என்றால் ஸ்கேனரின் கண்ணாடியில் படிந்த பஞ்சுத்தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு லேபிளைப் பாருங்கள். விளிம்பு உரிந்தால் ஒட்டும்போது வெப்பமோ அழுத்தமோ நேரமோ போதவில்லை. எழுத்து மங்கினால் அச்சிடப் பயன்படுத்திய ரிப்பன் சலவைக்கு உரியதன்று. கோடுகளின் இரு பக்கமும் வெற்றிடம் தேவை. ‘கோட் 128’ (Code 128) என்ற பார்கோடு முறையில் அது மிகக் குறுகிய கோட்டின் அகலத்தைப்போல் 10 மடங்கு. தைத்த நூல் அந்த வெற்றிடத்துக்குள் புகுந்தால் ஸ்கேனர் தடுமாறும்.

தவறான எண் வருவதுதான் ஆபத்து, ஏனெனில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 என்ற பார்கோடு முறையில் இலக்கங்கள் இரண்டிரண்டாகக் கோடுகளாகின்றன. துணி சுருங்கியிருக்கும்போது ஸ்கேனரின் கதிர் லேபிளைச் சாய்வாகக் கடந்து பாதியில் வெளியேறினால், எஞ்சிய பகுதி ஒரு குறுகிய, ஆனால் செல்லத்தக்க எண்ணாகத் தோன்றிவிடும். எத்தனை இலக்கம் என்பதை ஸ்கேனரில் நிலையாக அமைத்து, சரிபார்ப்பு இலக்கத்தையும் கட்டாயமாக்கினால் இது நிற்கும். புதிதாக லேபிள் மாற்றும் எண்ணம் இருந்தால் கோடுகளுக்குப் பதில் சிறு கட்டங்களாலான டேட்டா மேட்ரிக்ஸுக்குச் செல்லுங்கள். அதில் பிழைதிருத்தம் உள்ளிணைந்தே இருப்பதால் ஓரளவு சேதமடைந்தாலும் சரியாக வாசிக்கும்.

அறிகுறி: துணி தவறான வரிசையில் போய்த் தொங்குகிறது

தவறிய பத்து இருபது துணிகளை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போயிருக்க வேண்டும், எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளே முக்கால் பங்கு விடையைச் சொல்லிவிடும்.

எல்லாத் துணிகளும் முந்தைய துணிக்குரிய இடத்துக்கோ அடுத்ததற்குரிய இடத்துக்கோ சென்றிருந்தால், பிழை ஹேங்கரில் மாட்டும் இடத்தில் நடக்கிறது. துணியை ஸ்கேன் செய்ததும் அதன் எண் அங்கே நிற்கும் ஹேங்கரோடு இணைகிறது. முந்தைய ஹேங்கர் நகர்வதற்கு முன்பே பணியாளர் அடுத்த துணியை ஸ்கேன் செய்தால், அதிலிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். வேகமாக வேலை செய்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹேங்கர் வந்து நின்றதைச் சென்சார் உறுதிசெய்யும்வரை அடுத்த ஸ்கேனை மென்பொருள் ஏற்காதபடி அமைக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு அருகில் உள்ள வரிசைகளில் சரியாகவும், தொலைவில் உள்ளவற்றில் தவறாகவும் விழுந்தால், கன்வேயர் சென்ற தூரத்தை அளக்கும் என்கோடர் அதைத் தவறாகக் கணிக்கிறது. சங்கிலி நீண்டுபோவதாலோ என்கோடரின் சக்கரம் வழுக்குவதாலோ நேரும் சிறு பிழை, தூரம் கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போகும். சங்கிலியின் இழுவிசையைச் சரிசெய்வதோடு, வழியில் ஓரிரு இடங்களில் ஹேங்கரின் எண்ணை மீண்டும் வாசித்துக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும் ரீடர் வைப்பது நிலைத்த தீர்வு.

ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் துணி செல்ல மறுத்தால் துணியை அந்த வரிசைக்குத் திருப்பிவிடும் கருவியான திருப்பியின் காற்றழுத்தத்தையும் வால்வையும் பாருங்கள். கன்வேயர் மெதுவாக ஓடும்போது சரியாகவும் முழு வேகத்தில் தவறாகவும் இருந்தால் திருப்பி தாமதமாகத் திறக்கிறது.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால், துணியை எண்ணும் ஒளி சென்சாருக்கு எதிரே நின்று சில நிமிடம் கவனியுங்கள். நீளக் கைச் சட்டை ஒன்று கடக்கும்போது உடற்பகுதி ஒருமுறையும், பின்னால் ஆடிவரும் கை மறுமுறையும் ஒளிக்கதிரை மறைப்பதைப் பார்ப்பீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை இரண்டு துணிகளாகக் கொள்ளும். சென்சாரை ஹேங்கரின் கழுத்து உயரத்துக்கு ஏற்றினால் இந்தத் தொல்லை தீரும். சென்சாரின் முகத்தில் பஞ்சு படிவதும் இதே குழப்பத்தைத் தரும், ஆகவே ஒவ்வொரு பணிமுறை (ஷிப்ட்) மாற்றத்தின்போதும் அதைத் துடைப்பதை வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: வாசிப்பு எல்லாம் சரி, பதிவு மட்டும் தவறு

துணி வாடிக்கையாளரிடம் சேர்ந்துவிட்டது, திரையில் இன்னும் 'சலவையில்' என்று நிற்கிறது. அனுப்புகை வாசலில் அந்த ஒரு துணி வாசிக்கப்படாமல் போயிருக்கும். அடுத்த முறை அது அழுக்குத் துணி வரவில் வாசிக்கப்படும்போது, இடையில் அனுப்பப்பட்டதாகத் தானாகவே முடிவு செய்யும்படி விதி அமைக்க வேண்டும். அந்த விதி இல்லாத கூடத்தில் தொலையாத துணிக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்கும் நிலை வருகிறது. அது உறவைக் கெடுக்கும், நியாயமும் இல்லை.

துணி கூடத்துக்கு வருவதற்கு முன்பே அனுப்பப்பட்டதாக வரிசை தலைகீழாகத் தெரிந்தால் ரீடர்களின் கடிகாரங்களை ஒப்பிடுங்கள். இணைப்பு அறுந்தபோது ரீடர் தன்னிடம் சேமித்து வைத்த வாசிப்புகளை, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும். சேவையகம் வாசித்த நேரத்தை விட்டுவிட்டு வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்தால் வரிசை குலையும். எல்லா ரீடர்களும் ஒரே நேரச் சேவையகத்தோடு ஒத்திசைய வேண்டும், வாசித்த நொடியே பதிவாக வேண்டும். குலைந்துபோன பழைய பதிவுகளைச் சரிசெய்யும்போது மூல வாசிப்பு வரிகளை அழிக்காதீர்கள். திருத்தத்தை, செய்தவர் பெயரோடும் காரணத்தோடும், தனி வரியாகச் சேர்த்து வையுங்கள்.